களியக்காவிளை வண்டி

முந்நூற்றுப் பன்னிரண்டு
என்று சீட்டில் இருந்தது.
தடம் எண் என்றுதான் முதலில் பார்த்தேன்.
சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரையாம்.

மார்த்தாண்டத்து டாக்டர் திட்டவில்லை.
"பிரேக் எங்க இருக்குண்ணு
டிரைவருக்கு நான் சொல்லணுமா?"
வெளியே வந்ததும்
கை தானாக
ஏத்தங்காய் சிப்ஸ் கடைப் பக்கம் வளைத்தது.

ராத்திரி மெட்டில்டா
தட்டின் நடுவே முருங்கைக்காய்த் துண்டு ஒன்றைக்
குறுக்காக வைத்தாள்.
"இதுதான் களியக்காவிளை.
இந்தப் பக்கம் சோறும் மீனும்.
அந்தப் பக்கம் முச்சூடும்
பயறு துவரன், கீரை, வெள்ளரிக்கா.
சோறு செக்போஸ்ட் தாண்டப்பிடாது,
கேட்டீரா?"
மீன்குழம்புக்கு எந்த அரசாங்கமும் கிடையாது.
அது பாட்டுக்கு ஒழுகிப் போனது.

முதல் வாரம் முழுக்கக் கடத்தல்.
ரேஷன் அரிசி மாதிரி
என் சம்பாச் சோறும்
அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பும் நேரத்தில்
எல்லை கடந்தது.
பிடிபட்டேன்.
அபராதம்: இன்னொரு கரண்டி அகத்திக்கீரை.

மரச்சீனி அவித்த நாளில் சோற்றுக்கு லீவு.
"ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் எதுக்கு?"
சாளைக்கறிக்குத் தடையில்லை,
பொரிக்காத வரைக்கும்.

இதெல்லாம் வீட்டில்.
ரோட்டில் நான் வேறு ஆள்.

ஒரு நாளைக்கு ஆறு சிங்கிள்.
ஒவ்வொரு சிங்கிளின் முடிவிலும் எட்டு நிமிடம்,
மிக்கேலடிமை கடையில்
மூன்று கரண்டி சீனி போட்ட சாயா,
தாளில் எண்ணெய் ஊற ஒரு பழம்பொரி.
இருபத்திரண்டு வருடமாக இதைத்தான்
பசி என்று நம்பியிருந்தேன்.

அன்றைக்குக் கடை பூட்டியிருந்தது.
அவர் மகளுக்கு நிச்சயம்.
சூடு ஆறாத போனட்டில் கை வைத்தபடி
பசி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

வரவில்லை.

இடுப்புவலி வந்தது.
நாலரை மணிக்கு எழுந்த தூக்கம் வந்தது.
சில்லறைக்காகக் கண்டக்டர் அனிலிடம் எரிந்து விழுந்தது,
வீட்டுக்கடன்,
குழித்துறைப் பாலத்தில்
நூலிழையில் தப்பிய பைக் பையனின் முகம்,
ஒவ்வொன்றாக வந்தது.
இத்தனை பேரும்
பசி என்ற ஒரே டிக்கெட்டில்
இத்தனை நாளாக ஏறி இறங்கியிருக்கிறார்கள்.
ஒருவரையும் நான் செக் பண்ணியதில்லை.

பாட்டில் தண்ணீரைப் பாதி குடித்தேன்.
போர்டுகளில் எழுத்து மாறும் இடம்வரை நடந்து
திரும்பி வந்தேன்.
ஆறரை நிமிடம்.
அனில் தன் மட்டிப்பழச் சீப்பிலிருந்து
ஒன்றைப் பிய்த்து நீட்டினான்.
ஒன்று போதும் என்றேன்.
ஒன்றுதானே தந்தேன் என்றான்.

இந்த மாதச் சீட்டில்
இருநூற்று நான்கு.
நடுவில் கருங்கல் கல்யாணம் ஒன்று வந்தது,
அதில் இரண்டு பாயசம்,
அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இன்று வீட்டில் முருங்கைக்காய் இல்லை.
மெட்டில்டா குறுக்கே எதையும் வைக்கவில்லை.
சோறு
நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.
மீன்குழம்பு மட்டும்
வழக்கம்போல
பாஸ் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.