காய்ற வரைக்கும்

தொடையில தேய்ச்சுக்கறேன், ராத்திரி ஒன்பதரைக்கு.
பட்டாணி அளவு. அதுக்கு மேல வேண்டாம்னு
ஈரோடு பெருந்துறை ரோட்டு டாக்டரம்மா சொல்லியிருக்குது.
ஆம்பளைங்களுக்கு நெறையாச் சுரக்கறதாம் இது.
தாயாகறதுக்கு முன்னால
கொஞ்சம் ஆம்பளையாகோணும் போல.

போன தடவை பன்னண்டு நாள் ஊசி.
ஸ்கேன்ல கறுப்பு வட்டம்
வலப்பக்கம் ரெண்டு, இடப்பக்கம் ஒண்ணு.
எடுக்கறப்பக் கெடைச்சது ஒரே ஒரு முட்டை.
அதுவும் கருவாகி ரெண்டாம் நாள் நின்னு போச்சு.
திருப்பூர்ல செக்கிங் டேபிள்ல
பதினாறு வருசம் பனியன் எண்ணுன கை.
ஒண்ணை எப்படி எண்றதுன்னு தெரியலீங்க.

அதனால இந்த முறை ஊசிக்கு முன்னாடி
அறுபது நாள் இந்தக் களிம்பு.

மாமியா சொல்றாங்க:
காட்டை நல்லா ஓட்டி ஆறப்போட்டு
வெதைக்கிறதுதான் சாமி.
நான் காடில்லீங் அத்தை.
சொல்லலை. சோத்துக்கு ரசம் ஊத்துனேன்.

இவருக்குப் புரிஞ்சது வேற மாதிரி.
வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறையில மாஸ்டர்.
"சாயத்துக்கு முன்னால துணியை வேக வெச்சு வெளுக்கறோமில்ல,
எண்ணெய் பிசுக்கெல்லாம் போகோணும்,
அது மாதிரிதான் நவமணி."
வெளுத்துட்டா சாயம் ஏறிருமான்னு கேட்டேன்.
ரொம்ப நேரம் நகக்கண்ணு நீலத்தையே பார்த்துட்டு
"சிலது ஏறாது"ன்னார்.
பொய் சொல்லத் தெரியாத மனுசன்.
டாக்டரம்மாவும் அதையேதான் சொல்லுச்சு,
சிலருக்கு ஒண்ணு ரெண்டு கூடுது, சிலருக்கு இல்லை,
எல்லா டாக்டரும் இதை ஒத்துக்கறதுமில்லைன்னு.

முப்பத்தெட்டாம் நாள் மோவாய்க்கடியில ஒரு முடி.
கறுப்பா, வெறைப்பா.
பிடுங்கலை. அப்படியே கம்பெனிக்குப் போனேன்.
உள்ள ஏதோ வேலை நடக்குதுங்கறதுக்கு
கைக்குத் தட்டுப்படறது அது ஒண்ணுதான்.

நேத்து நாத்தனார் வந்திருந்தா, மகனோட.
இனியன், ரெண்டு வயசு,
கதவைத் தள்ளி ஓடியாந்து மடியில ஏறப் பார்த்தான்.
களிம்பு பூசி அஞ்சு நிமிசம்.
குழந்தைகள் மேல் படக்கூடாதுன்னு
டப்பாவுல செவப்பு எழுத்துல போட்டிருக்குது.
துள்ளி எந்திரிச்சு செவுத்தோட ஒட்டி நின்னுட்டேன்.
அவ மொகம் மாறிப்போச்சு.
விளக்கிச் சொல்லியிருக்கலாம்.
வாயே வரலை.

அவன் ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கறான்.
நான் நைட்டியை ஒதுக்கிப் புடிச்சுட்டு
ஃபேனுக்கு நேரா,
இரு சாமி, இரு,
காஞ்சுரட்டும்.