முப்பத்தெட்டாம் கழுதை

முன்னங்காலுக்குப் பின்னே, மூச்சை வெளியே விடும் நேரம் பார்த்து
நாடாவைச் சுற்ற வேண்டும்.
வாரியோ காதைப் பிடித்துக்கொள்வான்.
நான் வாய்விட்டுப் படிப்பேன்: நூற்றுப் பதினொன்று.
நன்யூகியில் இரவல் வாங்கிய எடைமேடையில்
கழுதை ஏறாது.
ஏறினால் இறங்காது.

மெர்ட்டியில் எடைமேடை யாரிடமும் இல்லை. நாடா உண்டு.
மார்புச் சுற்றளவைக் கொண்டு எடை சொல்லும் ஒரு கோடு கிடைத்தால்
பூச்சி மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்ற வேண்டாம்,
அதுதான் திட்டம்.
எனக்குள் இன்னொன்றும் இருந்தது:
ஆற்றோரத்துக் கழுதைகளைவிட
ஆழ்துளைக் கிணற்றுக்கு நாளைக்கு இருமுறை நடக்கும் கழுதைகள்
இளைத்திருந்தால்
இன்னொரு கிணறு கேட்டு மனு எழுதலாம்.

வித்தியாசம் இல்லை என்றுதான் தொடங்க வேண்டும். அது விதி.
மனசுக்குள் கிணறு தோண்டிக்கொண்டே
காகிதத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

அறுபத்தொரு கழுதை, அறுபத்தொரு புள்ளி.
நடுவே வறண்ட ஓடைபோலக் கோடு போயிற்று,
இரு கரையிலும் புள்ளிகள்.
ஓடைக்குள் ஒன்றும் இறங்கவில்லை.
முப்பத்தெட்டு மட்டும்
இருபத்திரண்டு கிலோ மேலே, தன்னந்தனியாக.

நைரோபியிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள்:
"மேடை கோணியிருக்கும். தூக்கிவிடு."
அது கிணற்றுப் பக்கத்துக் கழுதை.
தூக்கினால் கோடு நிமிரும்,
சோதனையும் என் பக்கம் சாயும்.
சாயும் என்பதாலேயே விரல் நின்றது.

தலாசோவின் முள்வேலிக்குள் அதற்கு எண் கிடையாது.
"எடை கூடுதலாகக் காட்டுகிறது."
"காட்டாமல் என்ன? பதினோரு மாதம்."
"சொல்லவில்லையே!"
"நீ மார்பைத்தானே கேட்டாய்."

படிவத்தைப் புரட்டினேன்.
வயது, நிறம், பல், குளம்பு, முதுகுப் புண்.
சினை என்று ஒரு கட்டம் இல்லை.

கோடு சொன்னதைக் கழித்தபின் மிஞ்சுவதற்கு
எச்சம் என்று பெயர்.
பெற்ற பிள்ளைக்கும் அதே சொல்.
இரண்டும் ஒரே வயிற்றில் இருக்கும் என்று
எந்தத் தேர்விலும் என்னைக் கேட்டதில்லை.

மறுபடி எல்லா வேலிக்கும் நடந்தோம்.
சினை ஒன்பது. அவற்றில் ஏழு ஆற்றோரம்.
ஒன்பதையும் ஒதுக்கிவைத்துக் கணக்குப் போட்டால்,
வித்தியாசமே இல்லாத ஊரிலும்
நூற்றுக்கு ஏழு தடவை இப்படி நேரலாம் என்றிருந்தது
இருபத்தொரு தடவையாயிற்று.
என் கிணறு தூர்ந்துபோனது.

வித்தியாசம் இல்லை என்று ஆகிவிடவில்லை.
உண்டு என்று சொல்ல நா எழவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஏழுக்கு இரண்டு?
தூரம் நடப்பவை சினை பிடிப்பதில்லையோ?
இரவெல்லாம் அது குடைந்தது.
பார்த்தபின் தோன்றிய கேள்விக்கு
அதே கழுதைகள் சாட்சி சொல்லக் கூடாது.
அடுத்த ஆண்டு, வேறு கழுதைகள்,
படிவத்தில் ஒரு கட்டம் கூட.
அதுவரை தண்ணீர் சுமப்பவை சுமக்கட்டும் என்று
எழுதவும் முடியவில்லை.

பத்தாம் நாள் விடியலில் முப்பத்தெட்டு ஈன்றது.
நனைந்த காது, நம்பிக்கையில்லாத கால்கள்.
வாரியோ சும்மா அணைத்துப் பிடிக்க
நாடாவைச் சுற்றினேன்: ஐம்பத்தாறு.
என் கோட்டில் அந்த எண்ணை வைத்தால்
எடை பூஜ்யத்துக்குக் கீழே,
பதினெட்டுக் கிலோ இல்லாமை.

அத்தனை இல்லாமையும் எழுந்து நின்று
நாடாவின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.