வார்டோ துறைமுகம், இரவுப்பணி

துப்பறியும் கதையில் கொலையாளியை
நாற்பதாம் பக்கத்திலேயே பிடித்துவிடுவேன்.
அப்புறமும் படிப்பது
அந்த விதவை வைக்கும் மீன் சூப்புக்காக.

வரலாறா?
மன்னர்கள் ஒருவருக்கும் காலுறை நனைவதில்லை.
நான் நம்பமாட்டேன்.

காதல் நாவல் என்றால் ஒட்வாருக்குக் கேலி.
நவம்பர் கடைசியில் சூரியன் போனதும்
இரவல் கேட்டு வந்து நின்றான்,
அட்டைக்குச் செய்தித்தாள் சுற்றித் தரச் சொல்லி.

வாழ்வில் உயர வழிகாட்டும் நூல் ஒன்று
ஆடும் ஹீட்டரின் காலடியில் இருக்கிறது.
அரை அங்குலம்
உயர்த்தியிருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.

கவிதைக்கு மட்டும் கருத்து வரவில்லை.
காட்மீன் பெட்டிகள் போன பிறகு
அதையும் ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன்.
நூற்றுப்பத்து கிராம்.
தராசு முள் நின்றுவிட்டது.
தொண்டையில் இருப்பது
இன்னும் இறங்கவில்லை.