சாலை வேலை

ஆறு ஐம்பதுக்குத் தமிழ்ப்பள்ளி.
ஏழு ஐந்துக்குத் தேசியப்பள்ளி.
ஏழு இருபதுக்குச் சீனப்பள்ளி.
ஆயர் ஈத்தாம் பிளாட்டிலிருந்து
பதினான்கு பிள்ளைகள், ஒரு வேன், நான்.

"எது நல்ல பள்ளிக்கா?"
கதவைச் சாத்தும் முன் கேட்டுவிடுகிறார்கள்.
எந்தப் பள்ளியிலும் கேட்டைத் தாண்டி நான் போனதில்லை.
தெரிந்ததெல்லாம்
டயர் எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான்.

சீனப்பள்ளிப் பை
ஐந்து கிலோ அரிசிக்கு ஒரு பிடி குறைவு.
தூக்கிக் கொடுத்துத் தூக்கிக் கொடுத்து
என் இடது தோளுக்குக் கணக்கு நன்றாக வருகிறது.
வகுப்புக்கு நாற்பத்திரண்டு பேர் என்று
ஹரிணாஷின் அம்மா சொல்லும்போது
குரலில் நகைக்கடை வெளிச்சம்.
ஹரிணாஷ் மதியம் ஏறியதும் தூங்கிவிடுவான்,
உதட்டில் மாண்டரின் எண்கள் நகர்ந்தபடி.
எழுப்பினால் இறங்குவான்,
டியூஷன் வாசலில்.

தேசியப்பள்ளியில் திடல் பெரிது.
பந்து போனால் போனதுதான்.
அங்கே இறங்கும் நூர் அலியா
மலாய்க் கட்டுரையை வேனிலேயே திருத்தித் தருவாள்,
எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும்.
கூலி ஒரு முறுக்கு.
தமிழ் வகுப்பும் உண்டாம் அங்கே,
போதிய பேர் சேர்ந்தால்.
போன வருஷம் ஒரு ஆள் குறைந்தது.
அந்த ஒரு ஆள்
பிறைக்கு வீடு மாறிப் போயிருந்தான்.

தமிழ்ப்பள்ளியில் மொத்தமே எழுபத்தொரு பேர்.
தலைமையாசிரியை குடையோடு கேட்டில் நிற்பார்.
யாருக்குச் சளி, யார் அப்பா கப்பலில்,
என் வேனுக்குச் சாலைவரி எப்போது முடிகிறது,
எல்லாம் தெரியும் அவருக்கு.
கழிவறைக் கதவு மட்டும்
மார்ச்சிலிருந்து கயிற்றில் நிற்கிறது.
ஒரு வகுப்பில் ஒன்பது பேர்.
ஒன்பதாவதாக வந்தவன்
முதல் பத்துக்குள் வந்துவிட்டதாக
வேன் முழுக்க மிட்டாய் கொடுத்தான்.
நானும் வாங்கிக்கொண்டேன்.

துவேனேஷை இரண்டாம் ஆண்டில்
சீனப்பள்ளிக்கு மாற்றினார்கள்.
முதல் வாரம் மூன்று நாள்
பழைய கேட்டிலேயே இறங்கிவிட்டான்.
"நீ இங்க இல்லப்பா" என்று
டீச்சர் பையைத் தூக்கி மறுபடி ஏற்றிவிட்டார்.
நான் கண்ணாடியைச் சரிசெய்தேன்.
அது சரியாகத்தான் இருந்தது.

என் மிருதுளாவுக்கு ஆறு வயது.
முன் சீட்டில் உட்கார்ந்து
மூன்று கேட்டையும் தினமும் பார்க்கிறாள்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பதினோரு வருஷமாக
சூப்பர்வைசர் சிரிக்கும்போது
எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரிக்கும் என் கணவர்
"சீனம்தான்" என்கிறார்.
என் தங்கை, "நாளைக்கு எல்லாமே மலாய்தானே?" என்கிறாள்.
படிவத்தில் மூன்று பெட்டி.
ஒன்றைத் தட்டினால் மற்றவை சாம்பலாகிவிடுகின்றன.

மிருதுளாவைக் கேட்டேன்.
"எந்த ஸ்கூல்லம்மா நீ கடைசியா நிப்பே?"

கடைசியாக நிற்கிற பள்ளிக்கு
அரைமணி நேரம் கூடுதலாக அம்மா உண்டு.
முதலில் நிற்கிற பள்ளியில் அப்போது இன்னும் இருட்டு,
குடைக்காரம்மாவும் சில நாள்
வந்து சேர்ந்திருக்க மாட்டார்.
கல்வி இலாகா எந்தப் பட்டியலிலும்
இதை ஒரு வரியாகப் போட்டதில்லை.

தட்டி அனுப்பினேன்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டேன்:
ஜனவரியிலிருந்து
சீனப்பள்ளி ஆறு ஐம்பது.
தேசியப்பள்ளி அதே நேரம்.
தமிழ்ப்பள்ளி கடைசி.

உடனே ஹரிணாஷின் அம்மா:
"என்னக்கா திடீர்னு?
இன்னும் அரைமணி முன்னாடி எழுப்பணுமே, பாவம்."

பாவம்தான்.
அவன் தூங்கும் முகம் எனக்கும் தெரியும்.
கொஞ்ச நேரம் விரல் எழுத்தின்மேல் நின்றது.

சாலை வேலை நடக்குது, என்று எழுதினேன்.