நாற்பத்தேழாம் வரிசை

செயின்ட் ஜான்ஸில் பிப்ரவரி.
துறைமுகத்து வாய் முழுக்கப் பனிக்கட்டி.
ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில்
ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருக்கிறது.

பாம்பனுக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து
முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள்
என் திரைக்குள் வந்து அடுக்கியிருக்கின்றன.
படகு: உண்டு, இல்லை.
கடன்: ஆயிரங்களில்.
தொழிலுக்குப் போன நாட்கள். கழிப்பறை.
மகள் எத்தனையாவது வரை.

நாற்பத்தேழாம் வரிசை:
முனியசாமியின் மனைவி.
தொழில்: 0.
பூஜ்ஜியம் என்றால் வீட்டில் சும்மா இருப்பவர்.
அந்தக் குறியீட்டை வகுத்தது நான்தான்,
இங்கே, இதே நாற்காலியில்,
ஒரு காப்பி ஆறுவதற்குள்.

பதில் சொன்னது முனியசாமி.
"அது என்ன வேலை பாக்குது? வீட்லதான் இருக்கு."

ஸ்கேன் செய்த படிவத்தைத் தேடித் திறந்தேன்.
ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே,
கணக்கெடுத்த ஜெசிந்தாளின் சாய்ந்த பென்சில் எழுத்து:
'தண்ணி கொண்டாந்து குடுத்தாக.
பத்து விரல்லயும் துணி சுத்தியிருந்துச்சு.
ஈரத் துணி.'

துணி எதற்கென்று எனக்குத் தெரியும்.
பாசி பறிக்கிற விரலைப்
பாரின் விளிம்பு சீவிவிடும்.
கண்ணுக்கு ஒரு கண்ணாடி, இடுப்பில் ஒரு சாக்கு,
நெஞ்சு தாங்குகிற மட்டும் ஒரு மூச்சு.
அப்படிக் கரையேறிய பாசி
காய்ந்து, பொடியாகி, கப்பலேறி
ஏதோ ஒரு ஐஸ்கிரீமை உருகாமல் பிடித்துவைத்திருக்கிறது,
ஒருவேளை இந்தத் தெருமுனைக் கடையிலும்.

மேற்பார்வையாளரின் குறிப்பு:
ஓரத்தில் எழுதியவை தரவு அல்ல, நீக்கவும்.
அவர்மேல் கோபமில்லை.
மூன்று வாரத்தில் அறிக்கை போயாக வேண்டும்.

அடுத்த மேசையில் பெர்னிஸ் பார்டி
காட் மீனின் காதுக்கல்லைக் குறுக்கே அறுத்து
வளையம் எண்ணுகிறாள்.
ஒரு குளிருக்கு ஒரு வளையம்.
"இவனுக்கு ஒன்பது வயது" என்கிறாள்,
தெரிந்த வீட்டுப் பையனைச் சொல்வதுபோல.
மீனைப் பற்றி எல்லாம் தெரியும்
இந்தக் கட்டடத்துக்கு.

படிவத்தைக் காட்டினேன்.
தமிழ் தெரியாது; பூஜ்ஜியம் தெரிந்தது.
கடலை மூடிய வருஷம் நிவாரண மனுவில்
அவள் அம்மா பெயருக்கு எதிரே
'கணவருக்கு உதவி' என்று எழுதினார்களாம்.
பதினெட்டு வருஷம் மீன் கிழித்த கை.
"அப்புறம்?"
"அப்புறம் என்ன, உதவிக்கு ஏது நிவாரணம்"
என்று அடுத்த கல்லை எடுத்தாள்.

இரவு பத்து.
உலகத்தோடு ஒட்டாமல்
அரைமணி தள்ளி நிற்கும் கடிகாரம் இந்த ஊருக்கு.
அந்த ஊருக்கும் அப்படித்தான்.
அதனால் நிமிஷமுள் மட்டும்
இரண்டு இடத்திலும் ஒன்றாகவே நகர்கிறது.
அங்கே காலை ஏழு.
ஜெசிந்தாளை அழைத்தேன்.

"நாப்பத்தேழா? நம்பரைச் சொன்னா எப்படிக்கா தெரியும்?
முனியசாமி வீடா, ஆமா ஆமா.
அவுக பேரா...
நம்ம படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லையேக்கா."

பின்னால் காற்று.
யாரையோ கூப்பிட்டுக் கேட்கிறாள்.

"இன்னைக்குத் தண்ணி தெளிவாம்.
எல்லாரும் பாருக்குப் போயிட்டாக.
ரெண்டு மணிக்குக் கரையேறுனாத்தான் கேக்க முடியும்."

சரி, இருக்கிறேன் என்றேன்.
இங்கே அது விடிகாலை ஐந்து.

பூஜ்ஜியத்தை அழித்தேன்.
எந்த எண்ணைப் போடுவதென்று தெரியவில்லை.
வெற்றுக் கட்டத்தில் சின்னக் கோடு
மூழ்குகிறது, மேலே வருகிறது,
மூழ்குகிறது.

அதற்குக் கீழே நாற்பத்தெட்டு.
சவரியாரின் மனைவி.
தொழில்: 0.