இடம்புரி

கப்பலின் அடிவயிற்றில், டீசல் வாடைக்குள்,
நான் தொப்பி பின்னுகிறேன்.
கிளாக்ஸ்விக்கிலிருந்து கால்சோய்க்கு இருபது நிமிடம்,
திரும்ப இருபது.
யாராவது டிராக்டரைக் கோணலாக ஏற்றிவிட்டால்
எனக்கு ஒரு வரிசை லாபம்.

மாதிரித்தாள் எதுவும் இல்லை.
ரன்வாவின் தலை எவ்வளவு என்று
ரன்வாவிடம் கேட்க முடியாது.
எதற்கு என்பாள்.
எதற்கு என்று சொல்ல
எனக்கு இன்னும் வாய் எழவில்லை.

என் காரில் அவள் விட்டுப்போன
சைக்கிள் ஹெல்மெட் கிடந்தது.
உள்ளே ஒரு கயிற்றை ஓட்டி
முடிச்சிட்டு எடுத்தேன்:
அறுபத்தோரு சென்டிமீட்டர்.
ஆட்டு டாக்டருக்கு அவ்வளவு பெரிய தலையா,
கொஞ்சம் மலைப்பாகத்தான் இருந்தது.

நூற்றெட்டுக் கண்ணி.
சாயம் ஏறாத சாம்பல் கம்பளி.
நூலோடு நூலாக ஒரு வைக்கோல் துணுக்கு,
எடுக்கப் பார்த்தேன், வரவில்லை,
சரி, நீயும் வா என்று பின்னிவிட்டேன்.
ஒன்பது புரி,
நங்கூரக் கயிறு போல,
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஏறவேண்டும்.
அதற்கென்று கடையில் தனி ஊசி உண்டாம்.
என்னிடம் உள்ளது ஆலன் சாவி.
அதன் முழங்கையில் மூன்று கண்ணியை மாட்டிப்
பின்பக்கம் தொங்கவிட்டு
அடுத்த மூன்றைப் பின்னி
தொங்கியதைப் பிறகு இறக்கினால்
வலப்பக்கம் சாயும்.
வலம், வலம், வலம்.
இன்ஜின் துடிப்புக்கு ஒரு கண்ணி.

புரி ஏற ஏறத் துணி ஒடுங்கும் என்பது
பாதித் தொப்பிக்குப் பிறகுதான் தெரிந்தது.
கட்டிப்பிடித்துக்கொள்பவர்களுக்கு
இடம் குறைவாகத்தான் பிடிக்கும்போல.
கயிற்று வளையத்தை மேலே வைத்துப் பார்த்தேன்.
தொப்பி இரண்டு விரல் சின்னது.
பிரிக்க மனமில்லை.
சீமுன் எட்டிப் பார்த்து,
"யாருக்கு, பூசணிக்கா?" என்றான்.
அவன் மண்டையில் மாட்டிப் பார்க்கலாம் என்றால்
அங்கே ஒரே கிரீஸ்.

ஒருநாள் நடுக்கடலில் இன்ஜின் ஒரு துடிப்பு தவறியது.
சாவியோடு தொங்கிய மூன்று கண்ணியை
அப்படியே பெட்டிமேல் போட்டுவிட்டு ஓடினேன்.
எரிபொருள் குழாயில் காற்று.
திரும்பி வந்து கையைத் துடைத்து,
முன்பக்கம் தொங்கவிட்டுப் பின்னியிருக்கிறேன்.
பதினோரு வரிசை தாண்டித்தான் கண்ணில் பட்டது,
ஐந்தாம் புரியில், மூன்றாம் முறுக்கு
மட்டும் இடம்புரி.
அந்த ஆறு கண்ணியை மட்டும் நழுவவிட்டு
மறுபடி ஏற்றிக்கொண்டு வரலாம்.
எனக்குத் தெரியும்.
கை போகவில்லை.

உச்சிக்கு வரும்போது நூல் தீர்ந்தது.
கடைசி நான்கு வரிசை
சரக்கு கட்டும் ஆரஞ்சு நூல்.

மார்ச்சில், காலை ஏழுமணிப் படகு.
மிக்லடாலூரில் ஒரு ஆடு
ராத்திரியிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறதாம்.
ரன்வா ஈரத்தலையோடு ஏறினாள்,
பையை இரண்டு காலுக்கிடையே வைத்து நின்றாள்.
ஆயில் ஃபில்டர் பெட்டியை நீட்டினேன்.
"என் வண்டிக்கா?" என்றாள்.
திறந்தாள்.
மாட்டினாள்.

சரியாக இருந்தது!

"ஹெல்மெட்டை வைத்து அளந்தேன்" என்றேன்,
வேறெதுவும் வராமல்.
"அது என் அண்ணனுடையது" என்றாள்.

அதற்கப்புறம் கொஞ்சநேரம்
கடல்தான் பேசியது.

கண்ணை மூடிக்கொண்டு
விரல்நுனியால் ஒவ்வொரு புரியாகத் தடவினாள்,
வயிற்றுக்குள் கைவிட்டு
எது தலை எது கால் என்று தேடும் அதே விரல்.
ஐந்தாவதில் நின்றது.
"இது திரும்பிக் கிடக்கிறது."
ஆமாம் என்றேன்.
"இப்படி ஒன்றுக்குத்தான்
இப்போது போய்க்கொண்டிருக்கிறேன்."

தொப்பியைச் சுழற்றி
அந்த முறுக்கை நெற்றிக்கு நேராக வைத்துக்கொண்டாள்.
சாய்தளம் இறங்கியது.
பையைத் தூக்கி நாலடி போனவள்
திரும்பி,
"அரிக்கிறது" என்றாள்.

கழற்றவில்லை.