வலக்கை உறைகள்

அறிவிப்பு எண் நாற்பத்தேழு:
மறு உத்தரவு வரும்வரை
மைதானத்தில் யாரும் ஓடக் கூடாது.
காற்று சரியில்லை.

போன வாரமும் இதையேதான் தட்டச்சு செய்தேன்.
தேதியை மட்டும் மாற்றி அச்செடுத்து
லூர்து மேரி மேடம் கையெழுத்துக்கு வைத்தாயிற்று.
ஜன்னலுக்கு வெளியே
கொடிக்கம்பம் பாதிவரைதான் நிற்கிறது.
மீதி பனிமூட்டத்தின் வாய்க்குள்.

ஜனக்புரியில் டிசம்பர்
தாமதமாக வந்த பையனைப் போல
வாசலில் நின்று ஆவி விடும்.
ராம்பால் உள்ளே விடாவிட்டாலும்
வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

கிறிஸ்துமஸ் விழா மாடி ஹாலில்.
தாத்தா வேடம் பிஷ்ட் சாருக்கு.
போன வருடத்துப் பஞ்சுத்தாடியை
எலி பாதி தின்றுவிட்டதால்
இடப்பக்கம் மட்டும் கிழவராகி
மிட்டாய் கொடுத்தார்.
ஒன்றாம் வகுப்பு முழுக்க அழுதது.
ஐந்தாம் வகுப்பு
அவர் கழுத்து விசிலைப் பார்த்துவிட்டது.
"சார், மிட்டாய் தின்னுட்டு
தண்டால் எடுக்கணுமா சார்?"

என் மேசைக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி.
பள்ளியில் தொலைவதெல்லாம்
அதற்குள்தான் கரையேறும்.
மூடி இல்லாத டிபன் டப்பா,
ஊதா நிறக் குரங்குத்தொப்பி,
யாரும் உரிமை கோராத ஒரு பால்பல், காகிதத்தில் மடித்து.
அப்புறம் கையுறைகள், பதினொன்று.

விடுமுறைக்கு முன் கணக்கெடுக்கச் சொன்னார்கள்.
மேசைமேல் பரப்பினேன்.
வலக்கை, வலக்கை, வலக்கை,
இதுவும் வலக்கை.
எழுதக் கழற்றியது, சாப்பிடக் கழற்றியது,
மூக்கைத் துடைக்கக் கழற்றியது.
குழந்தைகளின் இடக்கைகள்
வீட்டுக்குக் கதகதப்பாகப் போயிருக்கின்றன.

பதினொன்றாவது மட்டும்
கட்டைவிரலை எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

மஞ்சள் கம்பளி. திபெத்தியர் சந்தையில் வாங்கியது.
ஆள்காட்டி விரல் நுனியில்
பென்சில் கரி.

வகுப்பு வகுப்பாகத் தூக்கிக் காட்டினேன்.
யாருடையதும் இல்லையாம்.
இரண்டாம் வகுப்பு பி பிரிவில்
இசக்கிராஜ் என்றொருவன்
கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்தான்.
மின்விசிறி ஓடவில்லை, குளிர்காலம்.
அவன் மேசைமேல் வலக்கை.
அதில் பென்சில்.
பென்சில் அந்தக் கைக்குள்
விருந்தாளி போல உட்கார்ந்திருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி, கடைசி மணி.
எல்லோரும் கத்திக்கொண்டே ஓடினார்கள்
(காற்று அன்றும் சரியில்லை,
யார் கேட்டார்கள்).
அலுவலகக் கதவில் ஒரு தலை.

"மேடம். அந்த மஞ்சளு."

"உன்னுதா?"

"அம்மாட்ட சொல்லக் கூடாது.
அந்தக் கையில எழுதுனா
பாட்டரி டார்ச் வாங்கித் தர மாட்டாங்க."

பதிவேட்டைத் திருப்பி வைத்தேன்.
பெற்றுக்கொண்டவர் கையொப்பம்,
கடைசிக் கட்டம்.
பேனாவை எடுத்து
வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
நான் ஸ்டேப்ளரில் ஏதோ சிக்கிக்கொண்டதாக
குனிந்துகொண்டேன்.

கீச்சென்ற சத்தம், அவ்வளவுதான்.
நிமிர்ந்தபோது
இசக்கிராஜ் என்ற பெயர்
கட்டத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி,
புள்ளிகள் இரண்டும் பொட்டு வைத்தாற்போல் பளிச்சென்று,
ஈரத்தோடு கிடந்தது.
அவன் படிக்கட்டில் பாதி தூரம் போயிருந்தான்.

சனவரி பதினான்கு இரவு பத்து மணிக்கு
மேடத்திடமிருந்து போன்.
குளிர் கடுமை, இன்னும் ஒரு வாரம்.
அறிவிப்பு எண் ஐம்பத்திரண்டை
ரஜாய்க்குள் இருந்தே குழுவில் போட்டேன்.
பிள்ளைகள் பட்டாசுப் படம் அனுப்பினார்கள்.
ஒரு அப்பா மட்டும் எழுதினார்:
"உங்களுக்கென்ன, போட்டுட்டீங்க.
ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல வெச்சு
நான் என்ன பண்றது?"

பதில் தெரியவில்லை. கைகூப்பும் சின்னம் அனுப்பினேன்,
இரண்டு கையும் வெறுங்கை.

பூட்டிய அலுவலகத்தில், மேசைக்கடியில்
பத்து வலக்கைகள்
இந்நேரம் ஒன்றின்மேல் ஒன்று.